மூன்றாம் பக்கம் தெளிவாக இல்லை

ரப்பர் வாஷர் விற்கும் அந்தக் கம்பெனியில் அவரை எல்லோரும் வாஷர் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதை தெரிந்தவர்கள் வாஷர் சார் என்பார்கள். பெயர் வைத்தது யார் என்று தெரியாது, ஆனால் வைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. மீசை அரும்பிய வயதில் வேலைக்குச் சேர்ந்தவர், தலை முக்கால்வாசி நரைத்த பிறகும் அதே நாற்காலியில் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தார்.

அவர் வேலை இதுதான். தண்ணீர் மோட்டார்காரரோ அச்சகக்காரரோ, யாராவது ஒருவர் தேய்ந்துபோன வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வருவார். நம்மவர் அதை வாங்கி, ஈரம் துடைத்து, வெள்ளைத் தாளில் வைத்து, பென்சிலால் உள்ளேயும் வெளியேயும் சுற்றி வரைவார். ஸ்கேல் வைத்து அளந்து பக்கத்தில் எண்களை எழுதுவார். அப்புறம் மூன்று தாள்களை ஃபேக்ஸ் மிஷினில் செருகுவார். முதல் பக்கத்தில் முகவரி, இரண்டாம் பக்கத்தில் ஆர்டர், மூன்றாம் பக்கத்தில் படம். பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் வரும் ஓர் ஊரில் ஃபேக்டரி. அங்கே படத்தைப் பார்த்து ரப்பரை வெட்டி அனுப்புவார்கள்.

மிஷின், படி திரும்புகிற மூலையில் ஒரு ஸ்டூலில் இருந்தது. நம்பரைப் போட்டதும் அது கீச்சென்று கத்தி, தொண்டையைச் செருமி, தாளை ஒவ்வொன்றாக வேண்டா வெறுப்பாக விழுங்கும். வாஷர் பக்கத்திலேயே நிற்பார். கடைசித் தாள் வெளியே வந்ததும் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வார்.

ஏனென்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் போன் வரும்.

"சார், வந்துருச்சு. ஆனா மூணாவது பக்கம் தெளிவா இல்ல."

"எந்த இடம் மேடம்?"

"உள் வட்டம். அறுபத்திரண்டா, அறுபத்தெட்டா?"

"ரெண்டு மேடம், ரெண்டு."

"நான் எட்டுன்னு நெனச்சேன். நல்லவேளை கேட்டேன்."

ஃபேக்டரியில் வெட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் அந்த அம்மா. வாஷர் மனதுக்குள் அவருக்குக் கட்டிங் மேடம் என்று பெயர். கணவர் போய் வெகு காலம் ஆகிறது, மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார், வீட்டில் தனியாக இருக்கிறார். இதெல்லாம் உள் வட்டத்துக்கும் வெளி வட்டத்துக்கும் நடுவே, வருடக்கணக்கில் துண்டு துண்டாக வந்த தகவல்கள். அங்கே மழையா, மாத்திரை போட்டீர்களா, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டுவிட்டதா என்று பேச்சு போகும். பின்னால் வெட்டும் இயந்திரம் தொம் தொம் என்று விழுந்துகொண்டே இருக்கும். அது விழும்போது இரண்டு பேரும் ஒரு வார்த்தை நிறுத்தி, பிறகு தொடர்வார்கள்.

அவர் முகத்தை வாஷர் பார்த்ததில்லை. சொந்த செல்போனிலிருந்து ஒருநாளும் கூப்பிட்டதும் இல்லை. அப்படிக் கூப்பிட்டால் அது வேறு விஷயமாகிவிடும் என்று பயம். ரப்பர் வாஷரைப் பற்றிப் பேசும்வரை அது கம்பெனி விஷயம், யாரும் எதுவும் சொல்ல முடியாது. அந்தக் குரல் அவருக்குப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் என்ன இருக்கிறது?

கல்யாணம் ஆகாத மனுஷர். அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தார். அக்கா ஒரு காலத்தில் தம்பிக்குப் பெண் பார்த்துப் பார்த்துச் செருப்பு தேய்ந்தவள். இவர் ஒருத்தி உயரம் என்பார், ஒருத்தி அதிகம் பேசுகிறாள் என்பார், ஒருத்தி பேசவே மாட்டேன் என்கிறாள் என்பார். கடைசியில் அக்கா கும்பிடு போட்டுவிட்டாள். "இனிமே நான் பாக்கறதா இல்லடா. உனக்கு என்ன அளவுல வேணுமோ நீயே வரைஞ்சு ஃபேக்ஸ்ல ஆர்டர் குடுத்துக்கோ."

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேனேஜருக்கு மூக்கில் வேர்த்தது.

செலவு என்றால் அவருக்கு மூக்கில் வேர்க்கும். மூன்றாம் பக்கம் தெளிவாக இல்லை என்ற புகாருக்காக வாஷர் அடிக்கடி மெக்கானிக்கை வரவழைப்பார். மெக்கானிக் மூடியைத் திறந்து, ஊதி, மூடி, "மிஷின் தங்கம் சார், ஒரு கோளாறும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போவார். மறுநாள் மூன்றாம் பக்கம் மறுபடி தெளிவாக இருக்காது. வாஷர் மெக்கானிக்கோடு சண்டை போடுவார். "தங்கம்னா ஏன்யா மங்குது?" என்று கேட்பார். மெக்கானிக் தலையைச் சொறிவார்.

"இதைக் கட்டிக்கிட்டு அழ முடியாது" என்றார் மேனேஜர். "தூக்கிடலாம். எல்லா எடத்துலயும் இமெயில்தான். ஃபேக்ஸ்தான் வேணும்னு அடம் பிடிக்கறவங்களுக்கு இன்டர்நெட்லயே ஃபேக்ஸ் போகுமாம், வருமாம். நம்பர்கூட மாத்த வேணாமாம்."

வாஷர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"கரண்ட் போச்சுன்னா சார்?"

"ஃபேக்ஸ் மட்டும் என்ன, மண்ணெண்ணெய்லயா ஓடுது?"

"சீல், கையெழுத்தெல்லாம் செல்லாதுன்னு..."

"வாஷர் படத்துக்கு எவன்யா கையெழுத்து கேட்டான்?"

உண்மையான காரணத்தைச் சொல்லவா முடியும்? மேனேஜரும் கல் நெஞ்சுக்காரர் இல்லை. வாஷரின் முகம் போன போக்கைப் பார்த்து இறங்கி வந்தார். "சரி. நாளைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்புங்க. ஒரு குறையும் இல்லாம போய்ச் சேந்துச்சுன்னா மிஷின் இருந்துட்டுப் போகட்டும்."

மறுநாள் வாஷர் மிஷினுக்குச் செய்த பணிவிடையை ஒரு குழந்தைக்குக்கூட யாரும் செய்திருக்க மாட்டார்கள். கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். உருளையைத் துடைத்தார். துடைத்த துணியையும் முகர்ந்து பார்த்தார். பென்சிலை ஒதுக்கிவிட்டுக் கறுப்புப் பேனாவால் வட்டம் போட்டு, எண்களைக் கல்யாண வீட்டு போர்டு அளவுக்குப் பெரிதாக எழுதினார். கட்டிங் மேடத்துக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டு, இன்று மட்டும் குறை சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். அப்படிக் கேட்டால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். ஆளுக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று தாளும் போயின. மேனேஜர் போன் பக்கத்திலேயே நின்றார். மணி அடித்ததும் அவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், வந்துருச்சு" என்றது அந்தக் குரல். வாஷர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். "ஆனா மூணாவது பக்கம் மட்டும் லேசா..."

மேனேஜர் வாஷரைப் பார்த்தார். வாஷர் தரையைப் பார்த்தார். மிஷினின் கதை அதோடு முடிந்தது.

இரண்டு நாள் கழித்து கம்ப்யூட்டர் போடும் பெண் ஒருத்தி வந்தாள். மூலையிலிருந்த மிஷினை ஒரு அட்டைப்பெட்டியில் இறக்கினாள். வாஷரின் மேஜைமேல் ஸ்கேனரை வைத்தாள். கலகலப்பான பெண், கை வேலை செய்யும்போதே வாயும் வேலை செய்தது.

"ரொம்ப ஈஸி அங்கிள். இதுல தாளை வைக்கறீங்க, இங்க அழுத்தறீங்க. போய்ச் சேந்ததும் பச்சையா காட்டும். அவ்வளவுதான். வந்துச்சா, தெரியுதான்னு யாரும் யாருக்கும் போனே பண்ண வேணாம்."

"போனே வேணாமா?"

"வேணவே வேணாம்!"

நல்ல செய்தி சொன்ன சந்தோஷம் அவள் முகத்தில். வாஷருக்கு அவளை அறையலாம் போலிருந்தது. நல்ல பெண், அதனால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ஃபேக்டரியின் இமெயில் முகவரி வேண்டும் என்று அவளே அங்கே போன் போட்டாள். கட்டிங் மேடம் அன்று லீவு, மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அக்கவுண்டன்ட் எடுத்தார்.

"எங்ககிட்டயும் ஃபேக்ஸ் மிஷின் இல்லியேம்மா" என்றார் அவர். "அது எல்லாத்தையும் மங்கலாத்தான் அடிக்கும். தூக்கிப் போட்டு மூணு வருஷமாச்சு. நீங்க அனுப்பறது நேரா கம்ப்யூட்டருக்குத்தான் வருது."

"அங்கிள் அனுப்பற படம் மட்டும் தெளிவா இல்லயாமே சார்?"

"யாரு சொன்னா? கண்ணாடி மாதிரி இருக்குமே! இருங்க, கடைசியா வந்ததை அனுப்பறேன், நீங்களே பாருங்க."

அனுப்பினார். திரையில் வாஷரின் மூன்றாம் பக்கம் விரிந்தது. வட்டங்கள் பளிச்சென்று இருந்தன. எண்கள் எதிர்ச் சுவரிலிருந்தே தெரிந்தன. ஓரத்தில் பேனா மை பட்டு விழுந்திருந்த அவருடைய கட்டைவிரல் ரேகையைக்கூட எண்ணிவிடலாம்.

"சூப்பரா இருக்கே அங்கிள்" என்றாள் அந்தப் பெண்.

வாஷர் பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கோபம் வந்தது, கோபம் என்றால் கொஞ்சநஞ்சக் கோபம் இல்லை. மூன்று வருடம்! எத்தனை ஸ்பிரிட், எத்தனை துணி! அந்த அப்பாவி மெக்கானிக்கை என்னவெல்லாம் பேசியிருக்கிறோம்! எண்ணை ஒழுங்காக எழுதத் தெரியவில்லையோ என்று சந்தேகப்பட்டு மூக்குக்கண்ணாடியை வேறு மாற்றினோமே! எல்லாம் பொய். கடைசியில் அந்தப் பொய்யே மிஷினுக்கும் உலை வைத்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றாமலே அக்காவிடம் கொட்டினார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள். ஒரு போர்வையை மடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தம்மா தினமும் போன் பண்ணுவாங்களா?"

"தினமும்."

"இதை மட்டும் கேட்டுட்டு வெச்சிருவாங்களா?"

"அதெப்படி வைக்க முடியும்? மழை பெய்யுதா, மாத்திரை போட்டீங்களா, ஏதாவது பேச்சு வரும்ல."

அக்கா மடித்த போர்வையாலேயே அவர் முதுகில் ஒன்று போட்டாள். "மக்கு! ஒருத்தி உன்கூட ரெண்டு வார்த்தை பேசறதுக்காக மூணு வருஷமா பொய் சொல்லியிருக்கா. இவன் என்னடான்னா ஸ்பிரிட் கணக்கு சொல்றான்!"

வாஷர் திருதிருவென்று விழித்தார். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்த ஒரு விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. செருப்போடு அப்படியே மாடிக்குப் போனார். அக்கா அன்றைக்கு அதற்காகத் திட்டவில்லை.

மறுநாள் ஸ்கேனரில் மூன்று தாள்களையும் வைத்து அழுத்தினார். பச்சையாகக் காட்டியது. பழக்கதோஷத்தில் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்தார். போன் வரவில்லை. மத்தியானம் வரை பார்த்தார். கட்டிங் மேடம் லீவு முடிந்து வந்திருப்பார், அக்கவுண்டன்ட் வாய் சும்மா இருந்திருக்காது. இனி அவர் எந்த முகத்தோடு கூப்பிடுவார்? அவர் கூப்பிடவில்லை என்றால், அவ்வளவுதான். இனிமேல் எல்லாம் பச்சைதான்.

வாஷர் எழுந்தார். காலி ஸ்டூல் கிடந்த மூலைக்குப் போனார். மறுபடி ஒருமுறை தலை வாரிக்கொண்டு, சொந்த செல்போனிலிருந்து நம்பரைப் போட்டார்.

"கட்டிங் செக்‌ஷன்."

"நான்தான் மேடம்."

தொம் என்று இயந்திரம் விழுந்தது. இரண்டு பேரும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

"வந்துச்சா மேடம்?"

"வந்துச்சு சார்." குரல் உள்ளே போயிருந்தது. "மூணு பக்கமும் தெளிவா இருக்கு."

"சரி மேடம்."

"அக்கவுண்டன்ட் எல்லாத்தையும் சொன்னாரு. கோவமா சார்?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு."

"உங்க மிஷின் என்னாலதான் போச்சா?"

"ஆமா மேடம்."

"அய்யோ. மன்னிச்சிருங்க சார்." மறுபடி தொம் என்றது. "இப்ப எதுக்கு சார் கூப்பிட்டீங்க? ஆர்டர்ல ஏதாவது மாத்தணுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆர்டரில் இன்னும் இரண்டு வாஷர் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் பேச்சு பழைய வழியில் போயிருக்கும். நாக்கு நுனிவரை அது வந்தது. வாஷர் அதை விழுங்கினார்.

"ஆர்டர் ஒண்ணும் இல்ல மேடம். சும்மா பேசணும்னு தோணுச்சு. கூப்பிட்டேன்."

இந்த முறை இயந்திரம் மூன்று தடவை விழுந்தது. வாஷருக்கு ஒவ்வொன்றும் நெஞ்சிலேயே விழுந்தது.

"சார்" என்றார் கட்டிங் மேடம். குரல் பழையபடி ஆகியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். "மூணாவது பக்கம் தெளிவா இல்ல சார்."

"இப்பதானே மேடம் தெளிவா இருக்குன்னு..."

"மறுபடி பாத்தேன். இல்ல. நேர்ல கொண்டுவந்து காட்டுங்க. பஸ்ஸுல மூணு மணி நேரம்தானே?"

வாஷர் நேராக மேனேஜர் அறைக்குப் போய் நாளைக்கு லீவு வேண்டும் என்றார். இத்தனை வருடத்தில் அவராக லீவு கேட்டு மேனேஜர் பார்த்ததில்லை. என்ன விஷயம் என்று கேட்டார்.

"மூணாவது பக்கம் தெளிவா இல்லையாம் சார். நேர்ல வரச் சொல்றாங்க."

"யோவ், பச்சை காட்டுச்சேய்யா!" மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து, கம்ப்யூட்டர் போட்ட பெண்ணைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார்.

வாஷர் அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டு இரண்டு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். நாளைக்கு வெறும் குரல் இல்லை, முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். கடை மூடுவதற்குள் ஒரு நல்ல சட்டை வாங்கியாக வேண்டும்.