பேர்ளியின் காலில் இரண்டு வெள்ளைக் கோடுகள்

பேர்ளி பிரெஞ்சுத் தலைநகரின் ரூ பெர்தொனே தெருவில் ஒரு புடவைக் கடையில் பதினோரு வருடங்களாகச் சேலை விற்கிறார். வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது மன்னார், இருப்பது புறநகரான ஸ்தேன். அங்கிருந்து கடைக்குப் பக்கத்து நிலையமான கார் து நோருக்கு ரயில் ஓடுகிறது. ஆனாலும் அவர் சைக்கிளில்தான் வேலைக்கு வருவார். உடம்பைக் குறைக்க என்று யாரும் நினைக்க வேண்டாம். ரயிலில் ஏறினால் தெரிந்த பெண் யாராவது எதிரே உட்கார்ந்து, பையைத் திறந்து, "அக்கா, இந்தச் சீலைக்கு என்ன நிறச் சட்டை எடுபடும்?" என்று தொடங்கிவிடுவார். சம்பளமில்லாத அந்த வேலைக்குப் பயந்து, ஒரு ரயில் வேலைநிறுத்த வாரத்தில் மகனின் பழைய சைக்கிளை எடுத்தவர், பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

கோடை சுகமாகப் போனது. நவம்பரில் கால்கள் முறைப்பாடு செய்யத் தொடங்கின. மேலே தடித்த ஜக்கெற், கழுத்தில் சால்வை, கையில் உறை, தலையில் தொப்பி. சேலை பைக்குள் மடித்திருக்கும், கடையில்தான் உடுப்பார். ஆகவே வழியில் காலுக்கு ஒரு மெல்லிய பருத்தி லெகின்ஸ் மட்டும்.

"மேலை கரடி, கீழை கொக்கு," என்றார் கணவர் யோன்.

பருத்தியோ வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்திருந்தது. கால்வாய்க் கரையில் காற்று அடித்ததும் இரண்டு தொடையும் மீன்கடைப் பெட்டிக்குள் போனமாதிரி ஆகிவிடும். யோன் இரக்கப்பட்டுத் தன் கம்பளி உள்காற்சட்டையைக் கொடுத்தார். அது சூடாகத்தான் இருந்தது. ஆனால் இழுபட்டுப்போன இலாஸ்ரிக், மிதிக்க மிதிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மூன்றாவது சிக்னலில் பேர்ளி ஒரு கையால் சைக்கிளையும் மறுகையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் ஜீன்ஸுக்கு மேல் மழைக்காற்சட்டை போட்டுப் பார்த்தார். முழங்கால் மடிய மறுத்தது. பாதி வழி சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார்.

டிசம்பரில் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குப் போனார். அங்கே வேலை செய்யும் ஆரெலி என்ற இளம்பெண் அவரை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். குளிர் பிடிப்பது முன்பக்கத்தில்தான், அதனால் தொடைக்கும் முழங்காலுக்கும் காற்றுப் புகாத துணி வேண்டும். பின்பக்கம் மெல்லியதாக இருந்தால்தான் வியர்வை போகும். உள்ளே மயிர்போல மெத்தென்று இருக்கவேண்டும். முதுகுப் பக்கம் உயர்ந்திருந்தால் குனியும்போது இடுப்புத் தெரியாது.

பிறகு, உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த ஒன்றைக் காட்டி, இதற்குள் உள்ளாடை போடக்கூடாது என்றாள், தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்பதுபோல.

ஞாயிறு பூசைக்கும் சைக்கிளில் போகும் பேர்ளி, "நோன், மெர்சி," என்று அதைத் தள்ளி வைத்தார்.

மெத்தை இல்லாததைப் போட்டு, ஆரெலி சொன்னபடி உடைமாற்றும் அறை ஸ்டூலில் உட்கார்ந்து காலை மடித்து மடித்து மிதித்துப் பார்த்தார். இழுக்கவில்லை, இறங்கவில்லை. கெண்டைக்காலின் இருபக்கமும் மங்கிய சாம்பல் கோடு ஒன்று ஓடியது. அது எதற்கென்று கேட்காமலே வாங்கிக்கொண்டார்.

ஜனவரியில் முதலாளி கஜானியின் மகளுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. சேலை கட்டிவிடும் பொறுப்பு பேர்ளிக்கு. ஞாயிறு காலை மண்டபத்துக்குச் சைக்கிளில் போய்ச் சேர்ந்தால், அங்கே வெப்பமூட்டி பழுது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. பேர்ளி சைக்கிள் காற்சட்டையைக் கழற்றாமலே அதற்கு மேல் பீச் நிற ஜோர்ஜெற் சேலையைக் கட்டிக்கொண்டார்.

பலகாரத் தட்டோடு கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து மேடைப் படியில் ஏறினார். படப்பிடிப்பாளர் பிரின்ஸ்டன் பளிச்சென்று ஒரு படம் எடுத்தார். அவருடைய படங்கள் உடனுக்குடன் பெரிய திரையில் விழும்படி ஏற்பாடு. திரையில் பேர்ளியின் காலில் இரண்டு வெள்ளைக் கோடுகள் ரியூப் லைற்றாக எரிந்தன.

"மாமோன், அன்ரி எரியிறா!" என்று ஒரு பிள்ளை தாயிடம் கத்தியது.

பிரின்ஸ்டன் லென்ஸைத் துடைத்தார். பற்றரியை மாற்றினார். மறுபடி எடுத்தார். மறுபடி எரிந்தது.

"அன்ரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. கமராவிலை ஏதோ பிழை."

பேர்ளிக்கு விளங்கிவிட்டது. தட்டை வைத்துவிட்டு உடைமாற்றும் அறைக்கு ஓடினார். கஜானி கதவைச் சாத்திக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"பேர்ளியக்கா, சீலைக்குள்ளை என்ன?"

"சைக்கிள் காற்சட்டை. வெளிச்சம் பட்டால் மினுங்குமெண்டு எனக்குத் தெரியாது, கஜானி. கழட்டிப்போட்டு வாறன்."

கஜானி குனிந்து துணியைத் தொட்டார். உள்பக்கம் விரலை விட்டுப் பார்த்தார். காஞ்சிபுரப் பட்டுக்குள் காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தவர் அவர்.

"ஓம், கழட்டுங்கோ. கழட்டி இஞ்சை தாங்கோ."

"உங்களுக்கு அளவு காணாதே!"

"இழுபடுந்தானே. நான் இன்னும் மூண்டு மணித்தியாலம் மேடையிலை நிக்கவேணும்."

முதலாளி கேட்டால் என்ன செய்வது? பேர்ளி கழற்றிக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் கஜானி செழிப்பான முகத்தோடு மேடை ஏறினார். கரை கனத்த சேலைதான், ஆனால் மகளுக்கு மாலை போட அவர் எட்டியதும் கரை உயர்ந்தது. பிரின்ஸ்டன் அமுக்கினார். பளிச்.

அவர் கமராவை இறக்கிக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"இவ்வளவு நேரமும் அந்த அன்ரியிலை இருந்தது," என்றார் உதவிக்கு வந்தவரிடம். "இப்ப இவவுக்கு மாறிட்டுது."

பேர்ளி கடைசி வரிசையில் முழங்காலுக்கு மேல் இரண்டு ஜக்கெற்றைப் போர்த்திக்கொண்டு சிரிப்பை அடக்கினார். பின்னேரம் யோன் கார் கொண்டுவந்து அவரையும் சைக்கிளையும் ஏற்றிப் போனார். வழி முழுக்க அவர் கதையைச் சொல்ல, யோன் இரண்டு தரம் காரை ஓரங்கட்டிச் சிரித்தார்.

கஜானி காற்சட்டையைத் திருப்பித் தரவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கடைக்குள் அவர் நடையில் ஒரு மிதப்பு. புதன்கிழமை பேர்ளி கேட்டேவிட்டார்.

"உங்களுக்குப் புதிசு வாங்கித் தாறன் அக்கா. இதை மட்டும் கேக்காதையுங்கோ. எனக்கும் மாத்தி உடுக்க இன்னொண்டு வேணும்."

இருவரும் சேர்ந்து ஆரெலியிடம் போனார்கள். திரைக்குப் பின்னால் கஜானி மூச்சைப் பிடித்து ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஆரெலி அவர் தினம் எத்தனை கிலோமீட்டர் சைக்கிள் ஓடுகிறார் என்று கேட்டாள். பேர்ளி அந்தக் கேள்வியைக் கஜானிக்குத் தமிழில் சொன்னார்.

திரைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"எனக்குச் சைக்கிள் ஓடவே தெரியாதெண்டு சொல்லிப்போடாதையுங்கோ, அக்கா. பிறகு விக்கமாட்டாள்."