சிங்கப்பூரக்காவின் புதன்கிழமைகள்

வேலிக்கு அப்பால் ஒழுங்கையில் யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். நான் கிணற்றடியில் குழந்தையின் துணிகளைத் தோய்த்துக்கொண்டிருந்தேன். சவர்க்காரக் கட்டியும் கையுமாக அப்படியே நிமிர்ந்து நின்றது நினைவிருக்கிறது. நாலு வீட்டு வளவுக்குக் கேட்கிற சிரிப்பு அது. எங்கள் வீட்டில் அப்படியொரு சத்தம் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. குசினிக்குள்ளிருந்து மாமி, "ஆரது, உந்தக் காலத்திலை பல்லைக் காட்டிக்கொண்டு திரியிறது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. வேலிக்கருகே போய்ப் பார்க்கத் துணிவும் இல்லை.

சிரித்தவரை ஊரில் சிங்கப்பூரக்கா என்று சொன்னார்கள். யப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடிப்பதற்குச் சற்று முன், கடைசியாகப் புறப்பட்ட கப்பல்களில் ஒன்றில் தன் இரண்டு பெண்பிள்ளைகளோடு ஏறி, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான கோப்பாயில் உள்ள தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். கணவர் வேலையை விட்டு வரமுடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். என் கணவரும் கடலுக்கு அப்பால்தான், மலாயாவில் ரெயில்வே கிளாக்கர். கலியாணம் முடிந்து லீவு தீர்ந்ததும் தனியே போனவர், பிள்ளை பிறந்தபின் வந்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு எங்களைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். பிள்ளை பிறப்பதற்குள் சண்டை வந்துவிட்டது. கடிதம் நின்றது, மணியோடர் நின்றது, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. எனக்குத் தாய் இல்லை. தகப்பனுக்குத் தூரத்தில் உத்தியோகம். கணவரின் தாயான மாமியின் வீடுதான் எனக்கு வீடு.

மாமியைக் கொடுமைக்காரி என்று எண்ணிவிடக் கூடாது. பங்கீட்டுக் கூப்பன் அரிசி போதாத நாட்களில் எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டுத் தான் மரவள்ளிக்கிழங்கைத் தின்றவர். ஆனால் மகன் எங்கே கிடந்து என்ன பாடுபடுகிறானோ என்றிருக்கையில், இந்த வீட்டில் ஒரு சந்தோசமும் நடக்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டார். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் பலகாரம் இல்லை. யார் வீட்டுக் கலியாணத்துக்கும் போவதில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போனாலும் கடைசி வாங்கில் இருந்து, ஆசீர்வாதம் முடிந்த கையோடு என்னை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, தகப்பன் வந்து கையில் ஏந்தும்வரை பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை என்று கடவுளிடம் பொருத்தனை செய்திருந்தார். அதனால் என் மகனுக்குப் பெயரும் இல்லை. தம்பி என்று கூப்பிட்டோம்.

ஆளுயரத்துக்கு மேலே தென்னோலைக் கிடுகு வேலி, வாசல் படலைக்குச் சங்கிலி. நான் மனைவியா விதவையா என்று எனக்கே தெரியாது. நல்ல சேலை உடுத்தால் உவளுக்குப் புருசனைப் பற்றிக் கவலையில்லை என்பார்கள். வெள்ளை உடுத்தினாலோ நானே அவரைக் கொன்றதுமாதிரி ஆகிவிடும். அழவும் உரிமையில்லை, சிரிக்கவும் உரிமையில்லை. இருபத்திரண்டு வயதில் கூடையைக் கவிழ்த்து மூடிய கோழிமாதிரி இருந்தேன். இடுக்கால் வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான்.

மாமியின் பயத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. மகனுக்கு லீவு கிடைத்துவிட்டது என்று செய்தி வந்த அன்று, சந்தோசம் தாங்காமல் பயற்றம்பணியாரம் சுட்டு ஒழுங்கை முழுவதும் கொடுத்தனுப்பியிருந்தார். அடுத்த கிழமை மலாயாவில் குண்டு விழுந்தது. தான் வாயைத் திறந்து ஊருக்குச் சொன்னதால்தான் நாவூறு பட்டு எல்லாம் நாசமாய்ப்போனது என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. தேவாலயத்தில் கேட்ட பிரசங்கமெல்லாம் ஒரு பக்கம், இந்தப் பயம் இன்னொரு பக்கம். நல்லதைச் சொன்னால் பறிபோகும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

இந்த வீட்டுப் படலைச் சங்கிலியைத்தான் சிங்கப்பூரக்கா ஒரு புதன்கிழமை பின்னேரம் வந்து தட்டினார். பின்னால் மூன்று பெண்கள். மகனை மலாயாவுக்கு அனுப்பிய வாத்தியாரம்மா ஒருவர். அண்ணன் தம்பியைக் கட்டிய சகோதரிகள் இருவர், அவர்களுடைய கணவன்மாரும் அங்கேதான்.

"மாமி, மலாயாவிலை ஆக்கள் இருக்கிற வீடுகளிலை புதன்கிழமையிலை கூடி ஜெபம் பண்ணப்போறம். முதல் உங்கடை வீடு."

"வேண்டாம் பிள்ளை. நான் அறைக்குள்ளை இருந்து ஜெபிக்கிறன், அது காணும்."

"உங்கடை மகனுக்காக ஜெபிக்க எண்டு வந்து நிக்கிறம். போங்கோ எண்டு சொல்லுவியளோ?"

மாமி சங்கிலியைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ புதன்கிழமைகள் எங்கள் வீட்டில் முறை வந்தும், அவர் எங்களோடு வந்து பாயில் இருந்ததில்லை. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்பார், அது எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

விறாந்தையில் பாய் விரித்து ஒரு பாட்டுப் பாடினோம், ஒரு சங்கீதம் வாசித்தோம். இனி விண்ணப்பம், ஒருபாட்டம் அழலாம் என்று நான் முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரக்கா விடவில்லை.

"விண்ணப்பம் எல்லாருக்கும் மலைபோலை குவிஞ்சு கிடக்கு. அதைத் தொடங்கினால் பொழுதுபட்டிடும். முதல் ஸ்தோத்திரம். இந்தக் கிழமை நடந்த ஒரு நல்லதை ஒவ்வொருத்தரும் சொல்லவேணும். ஒண்டும் இல்லை எண்டு சொல்லேலாது."

பட்டுப்போனதென்று நினைத்த முருங்கை தளிர்த்திருக்கிறது என்றார் வாத்தியாரம்மா. கூப்பன் அரிசியில் இந்த முறை கல் குறைவு என்றார்கள் சகோதரிகள். என் முறை வந்தபோது சொல்ல ஒரு நல்லதைத் தேடினேன். கண் கிணற்றடிப் பக்கம் போனது. "எங்கடை வாளி இந்தக் கிழமை கிணத்துக்குள்ளை விழேல்லை" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிங்கப்பூரக்காதான் முதலில் சிரித்தார், பிறகு மற்றவர்கள், பிறகு நானும்தான். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. குசினிக்குள் ஏதோ பானைமூடி விழுந்தது. "நல்ல ஜெபக்கூட்டம்" என்று மாமி அன்றிரவு முழுவதும் முணுமுணுத்தார். ஆனாலும் அடுத்த புதன்கிழமை வாத்தியாரம்மா வீட்டுக்கு நான் புறப்பட்டபோது மறிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமைகளால் என் சிறை உடைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். கிழமையின் மற்ற நாட்களில் அதே வேலி, அதே சங்கிலிதான். தம்பி தவழ்ந்தான், நடந்தான், பெயரில்லாமலே கதைக்கத் தொடங்கினான். ஆனால் அடுத்த புதனுக்குச் சொல்ல ஒரு நல்லது வேண்டுமே என்று நான் வளவு முழுவதும் தேடப் பழகிவிட்டேன். தேடினால் ஏதாவது அகப்படும் என்பதுதான் அதிசயம். இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். சிங்கப்பூரக்கா சிரிக்கவில்லை. "நீர் சொல்லுறது உமக்கு மட்டுமில்லை. என்னட்டை ஒண்டும் இல்லாத கிழமையிலை உம்மடை வாளியை வைச்சுத்தான் நான் சீவிக்கிறன்" என்றார். இன்னொரு புதன்கிழமை அவர் சொன்ன ஸ்தோத்திரமும் மறக்காது. "முந்தநாள் அவரின்ரை முகம் எனக்கு மறந்துபோச்சு. பயந்துபோனன். பின்னேரம் திரும்ப ஞாபகம் வந்திட்டுது." அவ்வளவு பெரிதாய்ச் சிரிக்கிற மனிசி எதை வைத்துக்கொண்டு சிரிக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சண்டை முடிந்தது. சில கிழமைகளில் எனக்கு ஒரு தபாலட்டை வந்தது. கணவரின் கையெழுத்து. சுகமாக இருக்கிறேன், கப்பல் கிடைத்ததும் வருவேன் என்று இரண்டே வரி. மாமி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலத்தில் இருந்து அழுதார். அழுது முடித்ததும் என் கையைப் பிடித்தார்.

"ஆருக்கும் மூச்சு விடாதை பிள்ளை. அவன் வந்து படலையைத் திறக்குமட்டும் ஒரு காகத்துக்கும் தெரியக் கூடாது. கூட்டத்துக்கு வாற அவளவைக்கு இன்னும் ஒண்டும் வரேல்லை. கண்பட்டிடும்."

"அப்ப தம்பியின்ரை ஞானஸ்நானம்?"

"பொருத்தனை பொருத்தனைதான்."

துக்கத்தை அடைத்து வைத்து எனக்குப் பழக்கமாகிவிட்டது. சந்தோசத்தை அடைத்து வைப்பது அதைவிடப் பெரிய வதை. மாமிக்கு அடங்கி நடந்தேன் என்பது பாதி உண்மை. ஒரு செய்தியும் வராத சிங்கப்பூரக்காவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்ற கூச்சம் மற்றப் பாதி. நாங்கள் இருவரும் யோசிக்காத ஒன்று உண்டு. எங்கள் ஊர்த் தபால்காரர் அட்டைகளை ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

அந்தப் புதன்கிழமை முறை எங்கள் வீட்டில். அன்றைக்கென்று எல்லோரும் வேளைக்கே வந்து, நல்ல சேலை உடுத்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. "கத்தரி நல்லாக் காய்ச்சிருக்கு" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"வேறை?" என்றார் சிங்கப்பூரக்கா.

"வேறை ஒண்டுமில்லை."

"குருநகரிலையிருந்து கடகம் சுமந்துகொண்டு வாற மீன்காரி என்னை ஒழுங்கையிலை மறிச்சுச் சொல்லுறா. சந்திக்கடைக்காரனுக்குத் தெரியும். எங்களுக்கு மட்டும் கத்தரிக்காயோ?" அவ்வளவு கோபத்தில் அவரை நான் கண்டதில்லை. "எனக்குச் செய்தி வரேல்லை எண்டுதானே ஒளிச்சனீர்? மூண்டரை வருசமா உம்மடை மனிசனுக்காக முழங்காலிலை நிண்டனான். அவர் இருக்கிறார் எண்டது எனக்கும் வந்த செய்தி. என்ரை பங்கை எனக்குத் தாரும்."

குசினிக் கதவைப் பார்த்தேன். கதவு திறந்தது. மாமி மாப்பூசிய கைகளோடு வெளியே வந்தார். வந்தவர் நிற்கவில்லை, எங்கள் நடுவில் பாயில் இருந்தார்.

"அவளைப் பேசாதை பிள்ளை. நான்தான் அவளின்ரை வாயைக் கட்டினனான்." மாக்கைகளை முந்தானையில் துடைத்தார். நல்லதை வாயால் சொல்வது அவருக்கு எவ்வளவு பெரிய பயம் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். "என்ரை பிள்ளை இருக்கிறான்" என்றார். பிறகு இன்னும் உரக்க, "என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான், ஸ்தோத்திரம்" என்றார்.

சிங்கப்பூரக்கா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார், அழுகையோடேயே சிரித்தார். ஒழுங்கையில் போனவர்கள் படலையால் எட்டிப் பார்த்தார்கள். "இனிப் பொடியனுக்குப் பேரை வையுங்கோ மாமி. தகப்பன் வந்து பேரில்லாத பிள்ளையையோ தூக்கிறது?" என்றார் சிங்கப்பூரக்கா. மாமி பொருத்தனையைச் சொன்னார். "அது பயத்திலை பண்ணினது மாமி. அதைக் கடவுள் பிடிச்சு வைச்சுக்கொண்டு இருக்கமாட்டார்." அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தம்பிக்குப் பெயர் கிடைத்தது. சிங்கப்பூரக்கா ஞானத்தாய். பிள்ளை தன் காலிலேயே நின்று, தலையில் தண்ணீர் பட்டதும் போதகர் ஐயாவை முறைத்துப் பார்த்தான். மாமி பயற்றம்பணியாரம் சுட்டு ஒரு வீடு விடாமல் கொடுத்தனுப்பினார்.

கணவர் மறு வருடம் வந்தார், மெலிந்து, பேச்சுக் குறைந்து. அவரும் மாமியும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. அன்று முறைத்த பிள்ளைக்கே தலை நரைத்துவிட்டது. இப்போதும் எங்கள் தேவாலயத்தில் பெண்கள் கூட்டம் உண்டு. விண்ணப்பங்களை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். யாருக்காவது நல்லது நடந்தால் வெளியே வந்து என் காதுக்குள் மட்டும் சொல்கிறார்கள், மற்றவர்கள் மனம் நோகுமாம். எனக்குப் பொல்லாத கோபம் வருகிறது. திரும்பிப் போய் எல்லோருக்கும் சொல்லு என்று துரத்திவிடுவேன். என்னைக் கிழட்டுப் பைத்தியம் என்று நினைப்பார்களாக்கும். சிங்கப்பூரக்கா வீட்டு அந்தப் புதன்கிழமையைக் கண்டவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம், அவர்களுக்கு என்ன தெரியும்.

ஞானஸ்நானம் முடிந்து சில கிழமைகளில், சிங்கப்பூரில் அவருடைய கணவரோடு வேலை செய்தவர் ஊர் திரும்பினார். பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி வந்து நேரிலே சொன்னார். யப்பான்காரன் சயாமில் ரெயில்பாதை போடக் கொண்டுபோன ஆட்களில் சிங்கப்பூரக்காவின் கணவரும் ஒருவர். அங்கே காய்ச்சலில் இறந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறதாம். அவ்வளவு காலமும் நாங்கள் ஒவ்வொரு புதனும் அந்த மனிதரின் சுகத்துக்காகத்தான் முழங்காலில் நின்றிருந்தோம்.

அடுத்த புதன் முறை சிங்கப்பூரக்கா வீட்டில். போவதா விடுவதா என்று மற்றவர்கள் தயங்கினார்கள். மாமிதான் சால்வையை எடுத்துப் போர்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். பாட்டுப் பாடினோம். ஸ்தோத்திரம் ஒவ்வொருவராக வந்தது. சிங்கப்பூரக்காவின் முறை வந்ததும் வாத்தியாரம்மா அவசரமாக விண்ணப்பத்துக்குத் தாவினார்.

"ஏன் என்னைத் தாண்டுறியள்?" என்றார் சிங்கப்பூரக்கா.

அவருடைய இரண்டு பிள்ளைகளும் அவர் மடியில் சாய்ந்திருந்தார்கள்.

"யப்பான்காரன் அவரைப் பிடிச்சு வைச்சிருக்கிறான், அடிக்கிறானோ, பட்டினி போடுறானோ எண்டு நான் பயந்துகொண்டிருந்தனான். அந்த ரண்டு வருசமும் அவரைக் கடவுள் தன்னட்டை வைச்சிருந்திருக்கிறார். எனக்குத்தான் தெரியேல்லை." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுதான் இந்தக் கிழமை என்னட்டை இருக்கிறது. ஆனால் ஸ்தோத்திரம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

மாமிதான் முதலில் சொன்னார். பிறகு நாங்கள் எல்லோரும் சொன்னோம்.