சீனா வழியாகக் கிள்ளானுக்கு

சீதாலெட்சுமியைப் புதிதாகப் பார்க்கிற யாரும் முதலில் சீனத்தில்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. வெளுத்த நிறம், இடுங்கிய கண், சின்ன மூக்கு. அந்த மூக்கில் ஒரு கல் மூக்குத்தி, நெற்றியில் விபூதி. “எனக்கு அதெல்லாம் தெரியாதுலா அண்ணே, தமிழ்ல பேசுங்க” என்று அவள் வாயைத் திறந்ததும் எதிரே நிற்பவர் முழிப்பார். அறுபத்து மூன்று வயது வரை அவள் பார்த்துச் சலித்த முழி அது.

மலாய் நாட்டில், கிள்ளானில் தண்டவாள வேலை பார்த்த நாகையாவுக்குப் பிள்ளை இல்லை. பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு சீனர் வீட்டில், அவர்கள் கணக்கில் புலி வருசத்தில் பிறந்த பெண் குழந்தை ஆகாது என்று கொடுத்தார்கள். நாகையாவும் அவர் மனைவியும் துண்டில் சுற்றி வாங்கி வந்தார்கள். இப்படித் தமிழர் வீடுகளுக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஒன்றா இரண்டா! பெற்றவர்கள் பிள்ளையைத் தேடி வந்துவிடுவார்களோ என்று நாகையாவுக்கு உள்ளுக்குள் உதறல். வேலை மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு வந்துவிட்டார். வளர்த்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. படிக்க வைத்தார், பால்குடம் எடுக்க வைத்தார், ஊர் மெச்சக் கல்யாணமும் பண்ணி வைத்தார். ஆனால் சீதாலெட்சுமியின் நெஞ்சில் ஒரு கேள்வி ஆறாமலே கிடந்தது. புலி வருசத்தில் பிறந்த எல்லாப் பெண்களையுமா கொடுத்துவிட்டார்கள்? என்னை மட்டும் ஏன் கொடுத்தாள்?

நாகையாவும் போனார், அவர் மனைவியும் போனார், பின்னால் அவள் புருசனும் போய்ச் சேர்ந்தான். மகள் உஷாராணியோடு ஃபிளாட்டில் இருந்தாள். அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சீனக் கிழவர் எங்கெங்கோ விசாரித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். பெயர் ஆ ஹோக். நான் உன் அண்ணன் என்றார், மலாயில். அம்மா கிள்ளான் முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறாள், உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள், வா.

சீதாலெட்சுமி கிரில் கதவைத் திறக்கவில்லை. பூட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அந்த மனுசன் இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தார். “சரி, வர்றேன், அப்புறம் வர்றேன்” என்று பேச்சை வெட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாசல் தேடி வந்தவரை ஒரு வாய்த் தண்ணீர் கூடக் கொடுக்காமல் அனுப்புகிற குடும்பமா அது? உஷாராணிக்கே பொறுக்கவில்லை. பின்னாலேயே இறங்கி ஓடி, கார் பார்க்கில் அவரைப் பிடித்துத் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

“ஏம்மா, போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்தா என்னம்மா?”

“போயி? என்ன பேசுறது? அதுக்கு ஹொக்கியன் சீனம், எனக்குத் தமிழு. ரெண்டு ஊமைங்க மாதிரி மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? எனக்குக் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அத எடையில ஒருத்தர வச்சு மலாய்ல கேக்க முடியுமா? நேராக் கேக்க பாஷை வேணாமா?”

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் பழகிய பெண்கள் சீனாவுக்கு டூர் போகக் கிளம்பினார்கள். சியாமென், அதைச் சுற்றியுள்ள ஊர்கள். கிள்ளான் ஹொக்கியன்காரர்களின் பூர்வீகம் அந்தப் பக்கம்தான் என்று கேட்டதும் சீதாலெட்சுமி உடனே பேர் கொடுத்துவிட்டாள். அவர்கள் ஊரைப் பார்த்து, சாப்பாட்டைச் சாப்பிட்டு, நாலு வார்த்தை கற்றுக்கொண்டு வந்து அம்மா முன்னால் உட்காரப் போகிறாளாம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குக் கொம்யூட்டர் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம். இவள் சீனா வழியாகப் போனாள். பயம்தான், வேறென்ன. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

டூர் லீடர் விஜயன் நல்ல மனுசன். ஊறுகாய், முறுக்கு, மேகி, குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் கட்டிக்கொண்டு வந்த பட்டாளத்தை ஆட்டு மந்தை மாதிரி ஓட்டிக்கொண்டு போனார். போன இடமெல்லாம் சீதாலெட்சுமிக்குத்தான் சோதனை. கடைக்காரர்கள் மற்றவர்களை விட்டுவிட்டு இவளிடமே வந்து பேசினார்கள். இவள் கையை விரித்தால், நம்ம ஆளாக இருந்துகொண்டு பேசத் தெரியாதா என்று முகத்தைச் சுளித்தார்கள். கூட வந்தவர்களுக்கு அது ஒரே கூத்து.

“சீதாக்கா, நீங்க வெல கேளுங்கக்கா. மூஞ்சிக்காகவாச்சும் கொறைப்பான்!”

அவளும் சிரித்தாள். கோயில் மடத்தில் போட்ட சைவச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டாள். தீவுக்குப் படகில் போனபோது சின்னப் பிள்ளை மாதிரி ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். மண்ணால் கட்டிய பெரிய வட்ட வீடு ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே வாசலில் பழவற்றல் விற்ற கிழவி ஒருத்தி, இவள் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாமல் என்னென்னவோ பேசினாள். ஒரு வார்த்தை கூடப் புரியவில்லை. கை மட்டும் அவ்வளவு சூடாக இருந்தது. சீதாலெட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. பெற்றவளின் கையை ஒரு தடவையாவது பிடித்துவிட வேண்டும் என்று அப்போதுதான் நிசமாகவே மனசு அடித்துக்கொண்டது.

அந்த ஊர் கைடு லின் என்ற பெண். அவளைப் பிடித்து, “ஏன் என்னைக் கொடுத்தாய்?” என்பதை ஹொக்கியனில் எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொண்டாள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் முணுமுணுத்துப் பழகினாள். பதில் வந்தால் புரியுமா என்று யோசிக்கவே இல்லை. அம்மாவுக்கென்று ஒரு டப்பா தேயிலையும் வாங்கினாள்.

விமான நிலையத்தில் உஷாராணி பெட்டியை வாங்கிக்கொண்டே சொன்னாள்.

“அந்தம்மா தவறிட்டாங்கம்மா. எல்லாம் முடிஞ்சிருச்சி. அங்கேர்ந்து அழுது என்னா பண்ணப் போறீங்கன்னுதான் போன்ல சொல்லல.”

சீதாலெட்சுமி மகளைத் திட்டவில்லை. பெட்டியைக் கூட வீட்டில் இறக்கவில்லை. நேரே கிள்ளானுக்கு விடச் சொன்னாள்.

அங்கே பண்டமாரான் என்ற பகுதியில் ஆ ஹோக்கின் வீடு. கேட்டை அகலத் திறந்து வைத்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மேசை மேல் படம் இருந்தது, முன்னால் ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. தன் முகமே வயசாகித் தன்னைப் பார்ப்பது போல் இருந்தது சீதாலெட்சுமிக்கு. தேயிலை டப்பாவைப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

“வந்திருந்தாலும் என்ன பேசியிருக்கப் போறேன்? எனக்கு அவங்க பாஷை தெரியாதே” என்றாள் மலாயில். தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டாள் போல.

ஆ ஹோக் நிமிர்ந்து பார்த்தார். “அம்மாவுக்குத் தமிழ் தெரியுமே.”

பாசாரில் காய்கறி விற்றவள் அவள். உன்னைக் கொடுத்த நாளிலிருந்து, காய் வாங்க வருகிற தமிழ்ப் பெண்களிடம் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக் கேட்டுப் பழகினாள் என்றார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். தேடி வரமாட்டேன் என்று உன்னை வளர்த்த அப்பாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள், அதனால் வரவில்லை. மகள் ஒருநாள் வந்தால் அவளோடு யார் பேசுவது என்பாள். இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன், தங்கச்சி. நீ கிரில்லைத் திறக்கவில்லை.

சீதாலெட்சுமி மேசையைப் பிடித்துக்கொண்டாள். “ஏன் என்னைக் குடுத்தாங்க? உங்களுக்காவது தெரியுமா?”

“தெரியாது. நாங்க கேட்டோம். அதை அவகிட்டதான் சொல்லுவேன்னுட்டாங்க. கடைசியில படுக்கையில கிடந்தபடி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிட்டிருந்தாங்க. எல்லாம் தமிழ். அங்க யாருக்கும் தமிழ் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.”

அவ்வளவுதான். சீதாலெட்சுமி தரையில் சரிந்து உட்கார்ந்தாள். உஷாராணி தூக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“வந்துட்டேம்மா, இந்தா வந்துட்டேன்” என்று படத்தைப் பார்த்துக் கதறினாள். “இப்ப சொல்லும்மா. கேட்டுக்கிறேன், சொல்லும்மா.”