சித்தியின் மடியில் அக்கோடியன்

சுவிஸில் ஷாஃப்ஹவுசனுக்கு அடுத்த சின்ன ஊரொன்றில் இருந்த மதுபாரைச் சித்திதான் துப்புரவு செய்தார். அம்மாவுக்குச் சனிக்கிழமையும் வேலை என்பதால், எட்டு வயதான என்னையும் கூட்டிக்கொண்டு போவார். சித்தி எங்களோடுதான் வசித்தார். சித்தப்பா எங்கள் நாட்டில் யுத்தத்தின் கடைசி நாட்களில், கால் காயத்தோடு காணாமற்போனவர்.

பாரின் முதலாளியம்மா வயதான சுவிஸ்காரி. அவருடைய கணவர் அமெரிக்காவின் லூசியானா வரை போய், அங்கே பிரெஞ்சு பேசும் கமக்காரரிடம் அவர்களுடைய கேஜுன் பாட்டும், விரித்து மூடி வாசிக்கும் சின்ன அக்கோடியனும் பழகி வந்தவராம். வெள்ளிக்கிழமைகளில் அவர் வாசிக்க, பால்பண்ணைக்காரர்களும் லொறிச் சாரதிகளும் சோடி சோடியாக ஆடுவார்களாம். நான் போகத் தொடங்கியபோது அவர் இறந்துவிட்டிருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் மேசைமேல் கவிழ்த்துவைத்த கதிரைகளும் பியர் மணமும்தான்.

ஒருநாள் காலை வேலை முடிந்தும் சித்தி புறப்படவில்லை. முதலாளியம்மா ஒரு சிடியைப் போட்டார். பாட்டா அழுகையா என்று தெரியாமல் ஓர் ஆண்குரல் எழுந்தது. அது அவருடைய கணவரின் குரல். முதலாளியம்மா கணவரின் தொப்பியைச் சித்தியின் தலையில் வைத்து, அக்கோடியனையும் மடியில் ஏற்றினார். சித்தி சுரம் எழாதபடி, காற்று மட்டும் போய்வரும் கட்டையை அமத்தி, அதை விரித்து விரித்து மூடினார். முதலாளியம்மா சித்தியையே பார்த்தபடி, தனியே சுழன்று ஆடினார். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அக்கோடியன் மூச்சு விடுவது கேட்டது.

“சித்தி” என்று கூப்பிட்டேன். தொப்பிக்குக் கீழே இருந்த முகம் திரும்பவில்லை.

சிடி முடிந்ததும் இருவரும் இடம் மாறினார்கள். முதலாளியம்மா கதிரையில் அமர்ந்தார். சித்தி எதிரே நின்று, நான் ஒருபோதும் கேட்டிராத குழைந்த குரலில் கேட்டார்.

“சாப்பிட்டனீங்களோ?”

“ஓம்” என்றார் முதலாளியம்மா, தமிழில்.

“கால் நோவு மாறிட்டுதோ?”

“ஓம்.”

“அப்ப எப்ப வாறியள்?”

“வாறன்.”

சித்தி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

பஸ்ஸில் கேட்டேன். “அவவுக்குத் தமிழ் தெரியுமோ சித்தி?”

“ரெண்டு சொல்லுத் தெரியும். எனக்கு அந்தளவு காணும்.”

அன்று பின்னேரம் அம்மா வழக்கம்போலத் தொடங்கினார், இனியாவது சித்தப்பாவுக்கு ஒரு திவசம் செய்யவேண்டும் என்று. சித்தி உருளைக்கிழங்கு சீவியபடியே சொன்னார்.

“செய்யேலாது அக்கா. வாறன் எண்டு சொன்னவர்.”

“எப்ப சொன்னவர்?”

“இண்டைக்குக் காலமை.”

அம்மா சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல அடுப்பை நிறுத்தினார். நான் குறுக்கே புகுந்து, சொன்னது சித்தப்பா இல்லை, முதலாளியம்மாதான் என்று திருத்தினேன். இருவரும் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரியவர்களும் பொய் சொல்வார்கள் என்று கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு அன்று நான் படுக்கப்போனேன்.