நின்றுகொண்டே வருகிறவர்

வெள்ளிமலையில் நர்ஸாக இருந்தபோது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் மலையிறங்கி, அங்கிருந்து மணலூர்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போவேன். அந்த மலைப் பஸ்ஸில் ஒருவர் எப்போதும் நின்றுகொண்டே வருவார். பாதி சீட் காலியாகக் கிடந்தாலும் பின்படி அருகே கம்பியைப் பிடித்தபடி நிற்பார். கட்டம் போட்ட சட்டை, ரப்பர் செருப்பு, சிரித்தால் கன்னத்தில் குழி. பொய் சொல்வானேன், அந்தக் குழியைப் பார்க்கத்தான் நான் பின் சீட்டுக்கு மாறினேன்.

ஏன் உட்கார்வதில்லை? நர்ஸ் புத்தி, நோயைத்தான் தேடியது. மூலம் என்று முடிவு கட்டினேன்.

"மோர் ஜாஸ்தி குடிங்க, காரம் கம்மி பண்ணுங்க," என்றேன்.

"இன்னாத்துக்குங்க?"

சொன்னேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அதன் பிறகு வாராவாரம் பேச்சுத்தான். அவர் நின்றபடி, நான் அண்ணாந்தபடி. சனிக்கிழமை முழுக்க காரணமில்லாமல் சிரிப்பேன். போதகரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணலாமா என்று அம்மா கேட்டாள்.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. "எத்தினி நாளைக்கு அண்ணாந்துகினே பேசறது? இப்பிடி குந்துங்க," என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

பஸ் மொத்தமும் எழுந்து நின்றது. கிழவர்கள், கைக்குழந்தைக்காரி, எல்லோரும். அவர் துள்ளி எழுந்து பழைய இடத்துக்குப் போனார். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

கண்டக்டர் என்னிடம் குனிந்தார். "இன்னாம்மா நீ! தொரை வூட்டுப் புள்ள அவரு. அவங்க தாத்தா காலத்துல இந்த மலையே அவங்களுது, ராஜா குடும்பம். அவரு குந்தினா இவங்க குந்த மாட்டாங்க. வயசானவங்க கஷ்டப்படக் கூடாதுன்னுதான் நின்னுகினே வராரு."

கர்த்தரே, ராஜாவுக்கா மூலம் என்று சொன்னேன்!

"தெரிஞ்சிடுச்சா? இனிமே நீங்களும் எழுந்து நிப்பீங்க," என்றார் அவர். எனக்கு நெஞ்சு கலங்கிவிட்டது. இத்தனை பேர் மரியாதை கொடுத்தும், பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இல்லை. இப்போது சும்மா இருந்தால் அடுத்த வாரம் வேறு பஸ்ஸில் போய்விடுவார் என்று பயந்தேன்.

எழுந்தேன். அவர் முகம் இன்னும் வாடியது. நேராகப் போய் அவர் பிடித்திருந்த கம்பியையே பிடித்துக்கொண்டேன்.

"குந்தியிருந்தீங்கன்னா கூடவே குந்தியிருப்பேன். நிக்கிறீங்க, அதான் நிக்கிறேன். மரியாதைன்னு நெனச்சுக்காதீங்க."

குழி மறுபடி விழுந்தது.

காலியான என் சீட்டில் ஒரு அம்மா தன் பலாப்பழத்தைத் தூக்கி வைத்தார். "அதுக்கு யாரும் எழுந்திருக்கல பாருங்க," என்றார் என் பக்கத்தில் நின்றவர், பொறாமையோடு. மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் வரை ஒவ்வொரு வளைவிலும் இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி இடித்துக்கொண்டோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பஸ்ஸிலும் உட்கார்ந்து வந்ததில்லை.