திருத்தாத கடிகாரம்

என் பொண்டாட்டிக்குத் துறைமுகத்துல வெச்ச பேரு 'செகண்ட்காரி'. இழுவைப் படகுல பதினோரு வருஷம் கயிறு இழுத்தவ, கப்பல் அதிகாரி பரீட்சைக்குப் போறான்னதும் அங்க ஒவ்வொருத்தனுக்கும் வாய் எட்டு முழம் நீண்டுது. எழுத்துப் பரீட்சையில தேறிட்டா. செய்முறை பாக்கி. வயசு வரம்பு முடியுது, இதை விட்டா அடுத்த தடவை கிடையாது.

சூரியன் எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு கருவியில அளந்து, அந்த நொடி மணி பார்த்து, கிழக்கு மேற்கா நாம எங்க நிக்கிறோம்னு கணக்குப் போட்டுச் சொல்லணும். நாலு செகண்ட் தப்பினா ஒரு மைல் தப்பும். ரெண்டு மைலுக்கு மேல போனா ஃபெயில்.

அவகிட்ட இருந்தது தெருவோரத்துல வாங்கின பிளாஸ்டிக் கைக்கடிகாரம். தினமும் அரை செகண்ட் பின்தங்கும். அதை அவ திருத்தவே மாட்டா. காலையில ரேடியோவுல எட்டு மணி பீப் அடிக்கும்போது எவ்வளவு பின்னாடி இருக்குன்னு நோட்டுல எழுதிப்பா. "தப்பா ஓடட்டும்ங்க. எவ்வளவு தப்புன்னு எனக்குத் தெரியுதுல்ல?"ம்பா.

நான் தையல்காரன். கோணல் கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது. பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் பார்த்தா கடிகாரம் ஒண்ணேகால் நிமிஷம் பின்னாடி நிக்குது. பாவம், படிப்புல மறந்துட்டா போலன்னு டிவியில ஓடின மணியைப் பார்த்துச் சரி பண்ணி வெச்சேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

காலையில பீப் அடிச்சுது. கடிகாரத்தைப் பார்த்தா, நோட்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"யாருங்க இதைத் தொட்டது?"

தேள் கொட்டின திருடனாட்டம் முழிச்சேன்.

"டிவி மணி நம்ம வீடு வந்து சேர்றதே லேட்டுங்க! பன்னெண்டு செகண்ட் பின்னாடி நிக்குது. நீங்க தைக்கிற சட்டையில நான் என்னைக்காவது கத்தரி வெச்சிருக்கேனா?"

அஞ்சு மாசக் கணக்கை அடிச்சுட்டு 'பன்னெண்டு'ன்னு எழுதினா. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

துறைமுகத்துல கடலைப் பார்த்த மாதிரி ஒரு அறை, அதுக்கு வெளியில பரீட்சை. நானும் கூடப் போய் ஓரமா நின்னேன். பரீட்சை வைக்க வந்த அதிகாரி அவ மணிக்கட்டைப் பார்த்துச் சிரிச்சார்.

"இந்தப் பொம்மையை வெச்சா கப்பல் ஓட்டப் போறே? அரை நிமிஷத்துக்கு மேல பின்னாடி ஓடுது. அதோ அறைக்குள்ள சுவர்க் கடிகாரம், பார்த்துச் சரி பண்ணிக்க."

"முடியாது சார்."

"நான் சொல்றேன்ம்மா!"

"அந்தக் கடிகாரம் எவ்வளவு தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா சார்? இது எவ்வளவு தப்புன்னு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ஒரு தடவை சரி பண்ணினதே போதும்."

சுத்தி நின்னவங்க கொல்லுன்னு சிரிச்சாங்க. என் மானம் போச்சு. போனா போகட்டும்!

அவ அளந்தா. மணி குறிச்சா. பன்னெண்டு செகண்டைக் கூட்டிக் கணக்குப் போட்டா. அரை மைல்தான் தப்பு. அதிகாரி விடல, தான் குறிச்சு வெச்சிருந்த சுவர்க் கடிகார மணியை வெச்சு அவரே ஒரு தடவை போட்டுப் பார்த்தார். நாங்க நின்ன இடம் ஒன்பது மைல் தள்ளி, ரயில் பாதை மேல போய் விழுந்துது.

அதிகாரி கணக்குத் தாளை ஓரமா தள்ளினார். சான்றிதழை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். தேதி எழுதினார். நேரம் எழுதணும், பழக்கத்துல சுவரை நிமிர்ந்து பார்த்தார். பேனா நின்னுது.

"மணி என்னம்மா?"ன்னு அவகிட்ட கேட்டார்.