எனக்குத் துணை யார்?

மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கத் தொடங்கியபோது எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அவளுக்குப் பழக நாலு பேர் வேணாமா?"

நூம்பலில் எங்கள் அடுக்ககத்தில் சாயங்காலமானால் அவளைத் தேடி ஐந்தாறு பிள்ளைகள் வந்துவிடுவார்கள். என்னைத் தேடித்தான் யாரும் வரவில்லை. இவளுக்காக வேலையை விட்டபின் அலுவலகத் தோழிகளின் போனும் நின்றுபோனது.

ஒருநாள் காலை பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது சிலிண்டர் போடுபவர் வந்தார். மகளைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, பாப்பா இஸ்கூலுக்குப் போவலியா?" என்றார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். பள்ளியில் அவள் தினமும் அழுதது, மாமியாரின் கோபம், நான் சொல்லிக்கொடுப்பது சரிதானா என்ற பயம் என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன். காலி சிலிண்டரைத் தோளில் சுமந்தபடியே அவர் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், "தைரியமா சொல்லிக்குடுங்கமா. கீய வண்டி நிக்குது, வர்ட்டுமா?" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

கதவைச் சாத்தியதும் மகள் கேட்டாள். "ஏம்மா, உனக்கு ஃப்ரெண்ட்ஸே இல்லையா?"

"இல்லடி" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

அன்று இரவு கணவரிடம் இதைச் சொன்னேன். இப்போது சனிக்கிழமைப் பாடம் அவர் பொறுப்பு. நான் தனியாகப் பஸ் ஏறி ஆவடியிலிருக்கும் பழைய தோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன். முதல் தடவை போனபோது என்னைப் பற்றிச் சொல்ல எதுவும் வரவில்லை. இரண்டு மணி நேரமும் மகளைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன்.